கதவு நீங்கலாக ஒரு வீட்டின் விலை

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேன், ஒட்டவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எப்படியும் பிரித்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இதை உன்னிடம் கொண்டுவந்து தருகிற பஸ் கொண்டக்டர் பொழுது போகாமல் வாசித்தால் அவரும் வாசிக்கட்டும். நீ வாசித்து முடித்ததும் உன் வருங்கால மாமனார் வீட்டிலும் கொடு. எங்கள் வீட்டை விற்பதில் எங்களைவிட அவர்களுக்குத்தான் அவசரம் என்று கேள்விப்படுகிறேன். இதில் உனக்கு மட்டும் சொல்லி மறைக்கவேண்டிய சங்கதி ஒன்றும் இல்லை. சண்டை நின்று பாதை திறந்த பிறகு தாய் தகப்பன் வீட்டுக்கு விலை போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளை நீ ஒருவன் மட்டுமல்ல. மற்றவர்களில் யாராவது வாசித்தாலும் எனக்கு நட்டமில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் பஸ் நிலையத்தடிக் கொமினிக்கேஷன் கடையில் ரெலிபோனில் நின்று உன்னோடு கதைத்தபோது நீ ஒரு வசனம் சொன்னாய். அதற்குப் பதில் சொல்லாமல் நான் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துபோய்விட்டது என்று நினைத்திருப்பாய். லைன் அறவில்லை, நான்தான் வைத்தேன். நீ சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். உன் மாமனார் வீட்டாருக்கும் விளங்கவேண்டும் என்பதால் விஷயத்தை ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். தையில் உனக்குக் கலியாணம். அதற்கு முன் கிளிநொச்சியில் இருக்கிற இந்த வீட்டை விற்பது, அந்தக் காசில் நீ வவுனியாவில் காணி வாங்கி வீடு கட்டுவது, அதில் எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்குவது, நானும் உன் அப்பாவும் கடைசிக் காலத்தை அந்த அறையில் கழிப்பது. பேச்சு இப்படித்தான் இருந்தது. எவ்வளவுக்கு விற்பது என்பது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் இப்போது முடிந்துவிட்டது.

முதலில் உன் கணக்கைப் பார்ப்போம். காப்புறுதிக் கொம்பனியில் வேலை கிடைத்த நாளிலிருந்து நீ சுகம் விசாரிப்பதைக்கூடக் கணக்காகத்தான் எழுதுகிறாய். எங்கள் ஒழுங்கைப் பக்கம் கடைசியாக விற்ற மூன்று வீடுகளின் விலையை யாரிடமோ விசாரித்து, மூன்றையும் கூட்டி, மூன்றால் பிரித்து, பதினெட்டு லட்சம் என்று இரண்டு கோடு போட்டு அனுப்பியிருந்தாய். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. நீ கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபது வருடம் மனேச்சராக இருந்து நிறுத்துக் கொடுத்தவளின் மகன். பருப்பு விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் கூட்டிப் பிரித்து நான் சீனிக்கு விலை சொல்லியிருந்தால் சனம் தராசைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டிருக்கும்.

உன் மூன்று வீடுகளில் முதலாவது ஏ ஒன்பது வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. அதை வாங்கியவர் கடை போட ஒரு வாசலைத்தான் வாங்கினார். வீட்டை அடுத்த மாதமே இடித்துவிட்டார். இரண்டாவது வீட்டைச் சுவிஸில் இருக்கிற ஒருவர் ரெலிபோனிலேயே வாங்கினார். கிணறு நல்ல தண்ணீரா உவரா என்றுகூட அவர் கேட்கவில்லை. சின்ன வயதில் அந்த வீட்டுக்காரர் இவரை மாங்காய் பிடுங்கியதற்காகக் கட்டிவைத்து அடித்தாராம். அந்த வளவுக்குள் சொந்தக்காரனாக நடந்து காட்டவேண்டும் என்று வாங்கினார். வீம்புக்குக் கொடுத்த காசை நீ விலை என்று எழுதுகிறாய். மூன்றாவது விற்பனை மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையில் நடந்தது. உறுதிப் பத்திரத்தில் ஒரு தொகை, கையில் மாறியது வேறொரு தொகை, ஊருக்குச் சொன்னது இன்னொரு தொகை. உனக்குக் கிடைத்தது ஊருக்குச் சொன்னது. இதையெல்லாம் கூட்டிப் பிரிக்க ஒரு பட்டப்படிப்பு வேறு.

எங்கள் வீட்டை நீ மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். வீதியிலிருந்து உள்ளே நாலாவது வளவு. மாரியில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். காணி அரை ஏக்கர், எனக்குச் சீதனமாக வந்தது, அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி அல்ல, உறுதிக்காணி. கிணற்றுத் தண்ணீர் நல்லது. அது தற்செயல், எங்கள் கெட்டித்தனம் அல்ல. கூரையில் பாதி ஓடு, மீதி தகரம். மேற்குச் சுவரில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டைகளை உன் அப்பா தானே சீமெந்து குழைத்து அடைத்தார். அம்மை வந்து மாறிய முகம் மாதிரி இருக்கிறது. இதற்குப் பதினெட்டு லட்சம் என்று நீ நாக்கூசாமல் எழுதுகிறாய்.

விலை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன், உன் கொம்பனியில் சொல்லித்தரமாட்டார்கள். விற்றவனிடம் போய் விலை கேட்காதே. அவன் கூட்டித்தான் சொல்வான், அவனுக்கு ஊருக்குள் நிமிர்ந்து நடக்கவேண்டும். விற்க முடியாமல் இருப்பவனிடம் கேள். யார் யார் வந்தார்கள், எவ்வளவு கேட்டார்கள், என்ன குறை சொன்னார்கள் என்று ஆத்திரத்தில் உள்ளதை எல்லாம் கொட்டுவான். நான் குடையையும் எடுத்துக்கொண்டு அப்படி ஆறேழு வீடுகளுக்குப் போய்வந்தேன். போன இடத்திலெல்லாம் தேத்தண்ணீரும் ஒப்பாரியும் கிடைத்தன. எங்கள் வீட்டைப் போல உள்ளொழுங்கை, நல்ல தண்ணீர், உறுதிக்காணி, பாதிக் கூரை என்றால் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் ஆட்கள் கேட்கிறார்கள். அதற்கு மேலே போவதெல்லாம் ஆசை. பதினொரு லட்சம் என்று நான் மனதில் வைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன், “ஓம்” என்றார். உன் பதினெட்டு லட்சத்துக்கும் அவர் “ஓம்” என்றுதான் சொல்லியிருந்தார்.

இப்போது கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இடம்பெயர்ந்து உடையார்கட்டில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் உன் அப்பா ஒருநாள் ட்ரக்டரில் ஒரு கதவோடு வந்து இறங்கினார். நல்ல முதிரை மரத்தில் செய்த இரட்டைக் கதவு, நிலையோடு. இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி இருக்கிறதா என்று பானையைத் தட்டிப் பார்க்கிற வீட்டுக்கு, வாசலில் சாக்குத் தொங்குகிற கொட்டிலுக்கு, மாளிகைக் கதவு! “இஞ்சாரும், மலிவாக் குடுத்தவங்கள். திரும்பிப் போகேக்க வீட்டுக்குப் போடலாம்” என்றார். யார் கொடுத்தது, எந்த வீட்டில் கழற்றியது என்று கேட்டேன். “அதெல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டா ஒண்டும் வாங்கேலாது” என்றார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்த மனிதர், கேள்வி கேட்கிற பழக்கத்தைப் பென்சனோடு ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்தக் கதவை மரக்குற்றிகளில் கிடத்தி உனக்கு மேசையாக்கினோம். அதன் மேல்தான் நீ ஏ.எல். சோதினைக்குப் படித்தாய். படித்தது பாதி, கதவைத் தடவிப் பார்த்தது பாதி. வலப்பக்கக் கதவில் பெரிய இரும்பு வளையம் இருக்கிறது. அதைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் உள்ளே இருக்கிற கொண்டி அசையாது. வளையம் சும்மா பகட்டு. இடப்பக்கக் கதவில் மேலிருந்து கீழாக ஐந்து பித்தளைக் குமிழ்கள். கடைசிக் குமிழைப் பெருவிரலால் மேலே தள்ளினால்தான் கொண்டி எழும்பும். கள்ளரை ஏமாற்ற யாரோ யோசித்துச் செய்வித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தது நீதான். அன்றைக்கு முழுவதும் அயலட்டையை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். இதைச் செய்வித்த ஆட்கள் இப்போது எங்கே இருப்பார்கள் அம்மா என்று என்னிடம் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேட்ட பிள்ளையை நினைக்கப் பெருமையாக இருந்தது.

பாதை திறந்து நாங்கள் திரும்பி வந்தபோது இங்கே சுவர் மட்டும்தான் நின்றது. குசினிக்குக் கூரை போடுவதற்கு முதலே உன் அப்பா முன்வாசலுக்குக் கதவு போட்டார். மழையில் நனைந்து சமைத்துக்கொண்டு நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை விற்பது என்று வந்ததும் தரகர் பொன்னுத்துரைக்கு அந்தக் கதவில்தான் கண். அவரை உனக்குத் தெரியும், பாதை திறப்பதற்கு முன் மாடு விற்றுக்கொடுத்தவர். இப்போது கையில் ஒரு டயறியும் சட்டைப்பையில் மூன்று பேனையும். மாட்டுக்குப் பல்லைக் காட்டிய பழக்கத்தில் வீட்டுக்குக் கதவைக் காட்டினார். “இந்தக் கதவுக்கே தனியா ஒரு லட்சம் வைக்கலாம் மனேச்சரம்மா” என்பார். ஆனால் கதவைத் திறக்க மட்டும் அவருக்கு வராது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் வளையத்தைப் பிடித்துத் தொங்கிவிட்டு, “அம்மா, ஒருக்கா வாங்கோ” என்று கத்துவார்.

அவர் கூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கொப்பி வேண்டும். கனடாவிலிருந்து ஒருவர் கமராவோடு வந்தார். வளையத்தை இழுத்தார், திறக்கவில்லை, அதையும் படம் எடுத்தார். ஷெல் ஓட்டைச் சுவருக்கு முன்னால் மனைவியை நிறுத்தி வைத்து எடுத்தார். சீமெந்தைச் சுரண்டிவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று உன் அப்பாவிடம் கேட்டார், அவர் “ஓம்” என்று கத்தி எடுக்கப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்து, காணியைப் பரப்புக் கணக்கில் பெருக்கி, தன்னுடைய ஊரில் இந்தக் காசுக்கு இரண்டு பரப்புத்தான் வாங்கலாம் என்று எங்களுக்கு அனுதாபம் சொன்னார். அதே மூச்சில் ஏழு லட்சம் கேட்டார். இன்னொரு குடும்பம் வந்து வீட்டுக்குள் கால் வைக்காமலே குசினி அக்கினி மூலையில் இல்லை என்று திரும்பிப் போனது. கூரையே இல்லாமல் நாங்கள் அதில் சமைத்தபோது அக்கினி எந்த மூலையிலும் இருக்க மறுத்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. இவர்கள் எல்லோரும் வளையத்தை இழுத்தவர்கள்தான்.

சலீம் முதலாளி வந்தது போன திங்கட்கிழமை. ஐம்பது வயது இருக்கும். நெல் வியாபாரம். புத்தளத்தில் இருந்துவிட்டுப் பாதை திறந்த பிறகு திரும்பி வந்தவர்களில் ஒருவர். நெல் மூட்டை அடுக்க வளவும், குடும்பம் இருக்க வீடும் ஒன்றாகத் தேடுகிறார் என்று பொன்னுத்துரை முதல் நாளே சொல்லியிருந்தார். நான் பின்னால் மா அரித்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல வளையம் கடகடத்தது. பொன்னுத்துரை “அம்மா” என்று வாயைத் திறந்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது. முன்னறைக்கு வந்து பார்க்கிறேன், அந்த ஆள் வாசலில் நிற்கிறார். பெருவிரல் இன்னும் கடைசிக் குமிழில் இருக்கிறது. பொன்னுத்துரை பல்லை இளித்துக்கொண்டு, “பாத்தீங்களே முதலாளி, வீடே உங்களை வா எண்டு கூப்பிடுது!” என்றார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்திருந்தால் எந்த மனிதனும் வாயை மூடியிருப்பான்.

சலீம் முதலாளி உள்ளே வந்தார். கிணற்றடிக்குப் போனார், தண்ணீர் அள்ளிக் குடித்தார், கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார். போகும்போது மட்டும் கதவு எங்கே செய்வித்தது என்று உன் அப்பாவைக் கேட்டார். “உடையார்கட்டில ட்ரக்டரில கொண்டு வந்து வித்தவங்கள்” என்றார் உன் அப்பா, மலிவாக வாங்கிய பெருமையோடு. “நல்ல முதிரை” என்றுவிட்டு அந்த ஆள் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் இல்லாமல் தனியே வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“முதலாளி, அந்தக் குமிழை உங்களுக்கு ஆர் காட்டினது?”

அவர் கதிரையில் இருந்தபடி கதவைப் பார்த்தார். “வாப்பா” என்றார். “எங்கட ஊர் தண்ணீரூற்று, அங்க எங்கட வீட்டுக் கதவு அக்கா இது. முள்ளியவளையில ஒரு ஆசாரியாரைப் பிடிச்சுச் செய்வித்தவர். கடைக் காசு வீட்டில இருக்கிறதால இந்தப் பூட்டு. வாப்பாட ஜனாஸாவும் இதாலதான் வெளிக்கிட்டது. தொண்ணூறில முஸ்லிம் சனம் எங்களை எல்லாம் வடக்கை விட்டுப் போகச் சொல்லேக்க உம்மா இதைச் சாத்திப்போட்டு வந்தவ. நான் திரும்பித் திரும்பிப் பாக்கிறன், ‘பயப்படாத மகன், இதை ஒருத்தருக்கும் திறக்கத் தெரியாது’ எண்டு சொன்னவ.”

தம்பி, ஒருவருக்கும் திறக்கத் தெரியவில்லைதான். அதனால் நிலையோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். கை மாறிக் கை மாறி எங்கள் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. உம்மா இருக்கிறாவா என்று கேட்டேன். புத்தளத்தில் முகாமிலேயே மௌத்தாகிவிட்டாவாம். தண்ணீரூற்றில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். “அத்திவாரம் இருக்கு. மேல பத்தை மூடிக் கிடக்கு” என்றார். உன் அப்பா மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேத்தண்ணீருக்குச் சீனி காணுமா என்று அவரிடம் விசாரித்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள்தான் உன்னோடு கதைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று நினைக்கிறாய்? எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இல்லை. அந்தக் குமிழைக் கண்டுபிடித்தவனுக்கு அதன் சொந்தக்காரர் யார் என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. நீ ஒரு காலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று, இந்த வயதில், ரெலிபோன் கடையில் வரிசையில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாய். கலங்கிவிட்டாய் என்று நினைத்தேன். பிறகு சொன்னாய்: “அப்ப நல்லதாப் போச்சு அம்மா. அந்தாள் இனி விட்டிட்டுப் போகமாட்டார். இன்னும் ரெண்டு லட்சம் கூட்டிச் சொல்லுங்கோ.”

நீ சொன்னது வியாபாரத்தில் சரிதான். அதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் கேவலம். முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார், அவருக்கு இது மற்ற எந்த வீட்டையும் போல அல்ல. அவர் தன் தகப்பன் செய்வித்த கதவுக்கு முன்னால் கதிரையில் இருக்கிறார். கூட்டிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், எனக்கும் தெரியும். கனடாக்காரரிடம் பதினெட்டு கேட்டிருந்தாலும் நான் உன்னைத் திட்டியிருக்கமாட்டேன். காசு மிஞ்சிப்போய் வந்தவர், கொடுத்தால் கொடுக்கட்டும். இவரிடம் நீ எதற்கு இரண்டு லட்சம் கேட்கச் சொன்னாய்? வீட்டுக்கா? வீடு நேற்றைக்கும் அதே வீடுதான். அவருடைய வீட்டைப் பிடுங்கியவர்கள் பிடுங்கினார்கள். மிஞ்சியிருந்த துக்கத்தை அவருக்கே விற்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். ஆத்திரம் வழியில்தான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

உனக்குக் காசு தேவை, அதனால் சொன்னேன் என்பாய். கலியாணம், காணி, மாமனார் வீட்டில் மரியாதை. தெரியும். உனக்கு மட்டும்தான் தேவை, மற்றவர்கள் எல்லோரும் பொழுதுபோக்காக வீடு தேடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு விலை போடும்போது எதையெல்லாம் சேர்ப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைக் கழிக்கவேண்டும் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீ சிந்திய வேர்வையைக் கழி, அதற்கு அடுத்தவன் காசு தரமாட்டான். நீ அதில் வளர்ந்த கதையைக் கழி, அது அவனுக்குத் தேவையில்லை. கடைசியாக, உன்னுடையது அல்லாததைக் கழி. மிஞ்சுவதுதான் விலை. இந்தப் பக்கத்தில் இன்றைக்கு விற்கப்படுகிற வீடுகளில் அப்படிக் கழித்துப் பார்த்தால் எத்தனை வீட்டுக்கு ஓடு மிஞ்சும், எத்தனை வீட்டுக்கு ஜன்னல் மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என் வீட்டுக் கணக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சலீம் முதலாளி வந்தார். “வீடும் காணியும் பதினொரு லட்சம்” என்றேன். “கதவு அதுக்குள்ள இல்லை. அது உங்கட. வீட்டை வாங்கினாலும் உங்கட, வாங்காட்டியும் உங்கட. வேணுமெண்டா ட்ரக்டரைக் கொண்டுவந்து இண்டைக்கே ஏத்துங்கோ.”

உன் அப்பாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. “இஞ்சாரும், நாங்கள் காசு குடுத்து வாங்கினதெல்லோ” என்றார்.

“ஆருக்குக் குடுத்தனீங்கள்? இவருக்கோ?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சலீம் முதலாளி லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, அழப்போகிறாரோ, நன்றி சொல்லப்போகிறாரோ என்று. இரண்டையும் என்னால் தாங்க முடியாது. அவர் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “அப்ப அக்கா, முன்கதவு இல்லாத வீட்டுக்கோ பதினொண்டு கேக்கிறீங்கள்?” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு பிடித்தோம் பேரம். அவர் தகரக் கூரையைச் சொன்னார், நான் கிணற்றைச் சொன்னேன். அவர் மாரித் தண்ணீரைச் சொன்னார், நான் உறுதியைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். மேற்குச் சுவரைக் காட்டி, “இதென்ன அக்கா, வீடு முழுக்கக் கண்ணா இருக்கு” என்றார். “மற்ற வீடுகளுக்குச் சுவரே இல்லை, போய்ப் பாருங்கோ” என்றேன். அவர் ஒன்பதில் தொடங்கினார், நான் பதினொன்றில் நின்றேன், பின்னேரத்து அசர் தொழுகைக்கு அவர் எழும்புகிற நேரத்தில் பத்தேகாலில் முடிந்தது. அவர் ஒரு சதம் இரக்கம் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. வந்துபோன அத்தனை பேரிலும் என்னை ஒரு மனிசியாக மதித்துக் கதைத்தவர் அவர் ஒருவர்தான். கதவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். கழற்றினால் மாட்டுவதற்கு அவருக்கு வேறு சுவர் இல்லை.

பொன்னுத்துரைக்குச் செய்தி எட்டியதும் சைக்கிளில் பறந்து வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, “கதவை ஏன் மனேச்சரம்மா வாயால சொன்னனீங்கள்? அந்தாள் விட்டிட்டுப் போயிருக்கமாட்டார். ரெண்டு லட்சம் சும்மா வந்திருக்கும்!” என்றார். வசனம் உன்னுடையது, தொகையும் உன்னுடையது. நீங்கள் இரண்டு பேரும் கூடிக் கதைத்தீர்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கதைத்திருக்கமாட்டீர்கள், தேவையும் இல்லை. அவர் மாடு விற்றவர், அவருக்கு அதில் கொமிசன். நீ என் வயிற்றில் பிறந்தவன்.

உறுதி அடுத்த கிழமை எழுதுகிறோம். காணி என் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்துத் தேவையில்லை, நீ லீவு போட்டு வரவேண்டாம். வருகிற காசில் பாதியைக் கலியாணத்துக்கு முன் உனக்கு அனுப்புகிறேன். அது உன் பங்கு, அதில் எனக்குக் கோபம் இல்லை. காணியைச் சின்னதாக வாங்கு. உன் மாமனார் முகத்தைச் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. தாலி கட்டுகிற அன்றைக்கு நானும் உன் அப்பாவும் முதல் பஸ்ஸில் வருவோம், முன்வரிசையில் இருப்போம், சிரித்த முகத்தோடு இருப்போம். உன்னைப் பெற்றதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை, இப்போதும் இல்லை. மற்றப் பாதிக் காசு எங்களுக்கு. பரந்தனில் உன் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். உன் அப்பா இதற்கும் “ஓம்” என்றார், ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதனால் வவுனியாவில் எங்களுக்கென்று நீ சொன்ன அறையைக் கட்டாதே. நீ கெட்டவன் என்பதால் இல்லை. அன்றைக்கு ரெலிபோனில் நீ சொன்னதைக் கேட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் உண்மை. விட்டுப் போக முடியாத ஒருவரைக் கண்டதும் உனக்கு விலையைக் கூட்டத்தான் தோன்றியது. இன்னும் கொஞ்சக் காலத்தில் நானும் உன் அப்பாவும் எழும்பி ஓரிடமும் போக முடியாதவர்களாக இருப்போம்.